மிதவை

புளியரை வளைவுக்குக் கீழே,
கேரளத்து மேகம் இந்தப் பக்கம் வழுக்கி விழும் இடத்தில்
என் லாரி நிற்கிறது.
மாதம் இரண்டு நடை:
கடையநல்லூர் வைக்கோல், அஞ்சல் மாடுகளுக்கு.
மற்ற நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் இருந்து
சாரலை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆனி மூன்றாம் வாரம்
விடியக்காலை நாலு மணிக்குச் சாவி திருகினேன்.
டிக்.
அவ்வளவுதான் சொன்னது.
வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த சுமைக்காரர் இருவர்
இறங்கித் தள்ளிப் பார்த்து
பீடியைப் பாதியில் அணைத்துக்கொண்டு போனார்கள்.
அஞ்சலிலிருந்து சாமுவேல்குட்டி போனில்
"பசு பட்டிணியாணு சேச்சீ" என்றான்.

மைதீன்பிச்சை செங்கோட்டையிலிருந்து மீட்டரோடு வந்தார்.
இரண்டு பாட்டரியும் சேர்ந்து இருபத்திரண்டு சொச்சம்.
இருபத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது.
"சாவி இல்லாமலே எதுவோ குடிக்குது யக்கா"
என்று ஒயர் பிடித்துப் போய்
டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுக் காட்டினார்,
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.
ஃபைனான்ஸ்காரர்கள் வைத்தது.
வண்டி எங்கே என்று
நிமிஷத்துக்கு ஒருதரம் அவர்களுக்குச் சொல்லுமாம்.
நிற்கிறது.
நிற்கிறது.
நிற்கிறது.
நிற்பதைச் சொல்லிச் சொல்லியே
ஓடவிடாமல் ஆக்கியிருக்கிறது.

நெகட்டிவைக் கழற்றிப் போட்டேன்.
பதிமூணாம் நம்பர் ஸ்பானர், செலவில்லாத வைத்தியம்.
மறுநாள் மத்தியானத்துக்குள்
நனைந்த ஹெல்மெட்டோடு வாசலில் ஜோசப் செல்வின்:
"கம்ப்யூட்டர்ல வண்டியக் காணலக்கா."
தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன்.
டயரைத் தொட்டுப் பார்த்தான். போட்டோ எடுத்தான்,
ஓரமாய் என் முகத்தையும் சேர்த்து.
டீ குடித்தான். சீனி கொஞ்சம் கூட வேண்டும் என்றான்.

ஆக, பாட்டரிக்கு யாராவது ஊட்டத்தான் வேண்டும்.

சோலார் பலகை போடச் சொன்னார்கள்.
சாரல் மாதத்தில் எங்கள் ஊர்ச் சூரியன்
தவணை பாக்கி வைத்த ஆள்,
தலையைக் காட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும்.
ஒர்க்‌ஷாப்பில் பழைய சார்ஜர் ஒன்று சும்மாவே தந்தார்கள்.
அதற்கு நிறுத்தத் தெரியாது.
மறந்து தூங்கிய அன்று
தண்ணீர் கொதித்து
கொட்டகை முழுக்க அழுகிய முட்டை வாடை.

மைதீன்பிச்சை கடையில் மூன்று டப்பா எடுத்து வைத்தார்.
முதலாவது பைக்குக்கு ஆகும்.
இரண்டாவது நல்ல நிறம், எண் எல்லாம் நீலத்தில் ஒளிரும்.
"கரண்ட் போய் வந்தா?"
"பொத்தானை ஒரு தடவ அமுக்கணும்."
எங்கள் தெருவில் ராத்திரிக்கு நாலு தடவை போய் வரும்.
எழுந்து போய் அமுக்க என்னிடம் ஆள் இல்லை.
மூன்றாவது தானாகவே எழும் என்றார்.
நிறைந்தால் கையை எடுத்துவிடும்,
குறைந்தால் லேசாகத் தொட்டுக் கொடுக்கும்.
"ஃப்ளோட்டும்பாங்க. மிதக்க விடுறது."
பிளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன்.
நாலு தடவை. நாலு தடவையும் எழுந்தது.
ஐந்தாவது தடவை பிடுங்கும்போது
"மாப்பிள்ளையா பாக்கீய?" என்றார்.

மூவாயிரத்து நானூறு.
பாதி இன்றைக்கு, பாதி வைக்கோல் போய் வந்தபின்.
அவரிடமும் தவணைதான்.

இப்போது தார்ப்பாய்க்குள் ஒரு பச்சைப் புள்ளி.
என் வீட்டு மீட்டர் சுற்றி
ஒயர் வழியே பாட்டரிக்கு,
பாட்டரியிலிருந்து கறுப்புப் பெட்டிக்கு,
அங்கிருந்து நான் பார்த்திராத ஏதோ ஒரு திரைக்கு.
என் மேல் வைத்த கண்ணுக்கு
நானே எண்ணெய் ஊற்றுகிறேன்.
யூனிட் கணக்குப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை.
அதுவும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வியாழன், நாலு மணி. சாவி.
இருட்டு முழுக்க ஒரே மூச்சில் அதிர்ந்தது.
வைக்கோலில் தூங்கியவன் "யம்மா" என்று எழுந்தான்.

ஆரியங்காவு ஏறும்போது போன் துடித்தது.
செல்வின்.
வண்டி நகருதே என்று கேட்பான்.
எடுக்கவில்லை.
ஏற்றம். இரண்டாம் கியர்.