நாலரை கழித்தால்

சுவர்க்கவாயில் ஏகாதசி
காலை ஒன்பது பத்து வரை என்கிறது
பேர்ன் தமிழ்க்கடையில் சும்மா கிடைத்த நாட்காட்டி.
அது யாழ்ப்பாணத்து நேரம்.
நாலரை மணித்தியாலம் கழித்தால்
லங்னாவில் விடிய நாலு நாற்பது.
கோடையில் மூன்றரை கழிக்கவேணும்.
இந்தக் கழித்தலில் பிழைவிட்டு
ஒருமுறை திரயோதசியில் பட்டினி கிடந்திருக்கிறேன்.
பெருமாள் கணக்குக் கேட்கவில்லை.

இரவு வேலை. முதியோர் இல்லம், மூன்றாம் மாடி.
பாண் துண்டில் வெண்ணெய் தடவி நீட்டுகிறாள் திராகானா.
வேண்டாம் என்கிறேன்.
"நிலா வந்துவிட்டதா உனக்கு?"
மாதம் இரண்டு தரம் கேட்கிற கேள்வி.

பதினாலாம் அறையில் எல்சி லேமான்,
வயது தொண்ணூற்றிரண்டு,
நாலு நாளாய் வாய் திறக்கவில்லை.
கரண்டி கிட்ட வந்தால்
உதட்டைத் தைத்துக்கொள்வார்.
வற்புறுத்த வேண்டாம் என்று வைத்தியர் எழுதிவிட்டார்.
எழுதலாம்.
சூப் கிண்ணம் ஆறியது
விரதக்காரி என் கையில்.

கதைத்துக்கொண்டிருந்த காலத்தில்
அவரிடமும் ஒரு பஞ்சாங்கம் இருந்தது,
கட்டில் தலைமாட்டில், ஓரம் மடங்கி.
நிலா ஏறுமுகமென்றால் சலாட் விதைக்கவேணும்,
இறங்குமுகமென்றால் கரட்டும் உருளையும்.
வளர்பிறை தேய்பிறைதானே என்றேன்.
"அது வேறு, இது வேறு."
எருக்கூடை சுமந்து கோணிய விரலால்
காற்றில் ஒரு வளைவு கீறினார்,
மேலே போய்க் கீழே வந்தது.
எனக்கு விளங்கவில்லை.
என் திதிக் கணக்கு அவருக்கும் ஏறவில்லை.
இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டோம்.

இரண்டு மணிக்குப் பஞ்சுக்குச்சியை
ஆப்பிள் சாற்றில் தோய்த்து உதட்டில் ஒற்றினேன்.
நாக்கு நுனி
வந்து பார்த்துவிட்டுப் போனது.
என் வாயும் காய்ந்துதான் கிடந்தது.
ஆனால் என் பசி முடிகிற நேரம்
கடதாசியில் அச்சடித்திருக்கிறது:
துவாதசி, பாரணை, அகத்திக்கீரை, நெல்லிக்காய்.
இதையும் பசி என்று சொல்ல
அந்தக் கட்டிலோரம் வெட்கமாய் இருந்தது.

மூன்று ஐம்பது.
ஒரு மூச்சுப் போனது.
அடுத்ததற்குக் காத்திருந்தேன்,
பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன்.

யன்னலைத் திறப்பது இந்த ஊர் வழக்கம்,
உயிருக்கு வழிவிட.
சட்டம் பனியில் இறுகியிருந்தது.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
குளிர் உள்ளே வந்தது, வேறெதுவும் வரவில்லை.
மேற்கே ஊசியிலைக் காட்டுக்கு மேல்
பதினோராம் நாள் நிலா,
ஒரு கன்னம் ஒட்டி, இறங்குமுகமாய்.
அந்த இறங்குமுகம் வேறு என்று
அவர் திருத்தியிருப்பார்.

அப்போதுதான் கழித்துப் பார்த்தேன்.
ஏகாதசி இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.
வல்லிபுரத்தில் இப்போது எட்டு இருபது;
வாசலில் சனம் நெரிபட்டுக்கொண்டிருக்கும்.
இங்கே ஒரு யன்னல், ஒரு ஆள்.
வரிசை இல்லை.

ஆறு மணிக்கு மகன் வந்தார்,
தூனிலிருந்து, சப்பாத்தெல்லாம் பனி.
கஷ்டப்பட்டாரா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
போவதற்கு நல்ல நாள் என்றும் சொல்ல நினைத்தேன்.
பட்டினியில் இலக்கணம் கழன்று
"குட்டர் டாக்" என்று மட்டும் வந்தது.
வணக்கம் சொல்கிறேனாக்கும் என்று எண்ணி
தொப்பியைக் கழற்றினார்.
"குட்டன் டாக்" என்றார் அவரும்,
அந்தப் பள்ளத்தாக்கில் எவரும்
அப்படி வணக்கம் சொல்வதில்லை என்றாலும்.
நான் திருத்தவில்லை.

படிவத்தில் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன்.
திதிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்துவிட்டேன்.

ஏழு இருபது பஸ்.
வீட்டில் உறைபெட்டியில் பசளி இருக்கிறது,
அகத்திக்குப் பதில் அதுதான் எப்போதும்.
துவாதசி பிறந்து
இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல்.
பசிக்கவில்லை.
அந்தச் சூப் கிண்ணத்தைக்
கழுவி வைத்தேனா என்றுதான்
நினைவு வரவில்லை.