இருபத்தேழாவது ஆள்

மனிடோபாவில், டாஃபினுக்கு வடக்கே ஒரு நூலகம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒக்சானா ஹ்ரிட்சாக்கின் திரையில்
'உரிமம் முடிந்தது.'

இருபத்தாறு இரவலுக்கு மேல்
அந்த மின்னூலுக்கு ஆயுள் இல்லை. ஒப்பந்தம் அப்படி.
மறுபடி வாங்க அறுபத்தைந்து டாலர்.
ஒரு மூலை மடங்கவில்லை,
எவரும் காப்பி சிந்தவில்லை.
கிழியாத புத்தகம்
கிழிந்ததற்கு ரசீது மட்டும் வருகிறது.

வரிசையில் அடுத்தவர் எமில் ஃப்ளெட்,
தானியக் கிடங்கில் இராக்காவல்.
போன தடவை பாதிக் கதையில் கெடு முடிந்துபோனது.
நாலு முறை போன் செய்துவிட்டார்:
'அவள் ஆற்றைக் கடந்தாளா?'

பட்ஜெட்டில் மிச்சம் நாற்பது,
அதிலும் பாதி பனி அள்ளுகிறவனுக்கு.

கீழ்த்தளத்தில், கழித்துக்கட்டிய பெட்டிக்குள்
அதே கதை, தாளில்.
முதுகில் ஒட்டுநாடா,
எண்பத்தொன்பது தேதி முத்திரை,
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் யாரோ தின்ற ஜாம்.
'இடம் மிச்சம், செலவு மிச்சம்' என்றது
அதை வெளியேற்றிய அறிக்கை.

தன் பையிலிருந்து ஒரு டாலர் போட்டாள் கல்லாவில்.
பதிவேட்டில் 'காலாவதி' என்றொரு கட்டம்;
பேனாவைக் கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு
மூடினாள்.

பிறகு எமிலுக்கு போன்:
'வரும்போது கண்ணாடி எடுத்து வாருங்கள்.
இதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது.'