கடுகு

புதுவயலில் சீசன் இல்லாத அரிசி ஆலையை
மூன்று ராத்திரிக்கு வாடகை பேசியது நான்தான்.
மதுரை ஸ்டுடியோவில் மணிக்கு எழுநூறு.
இங்கே தவிட்டு மூட்டை கூரை வரைக்கும்.
எந்தச் சத்தத்தை எறிந்தாலும் விழுங்கிக்கொள்ளும்,
எலி மட்டும் கொஞ்சம் பதிவாகும்.

பாண்டுக்குப் பெயர் கடுகு.
சிறுத்தாலும் காரம் போகாது என்பது ஊர்ப்பேச்சு,
மரமாகிக் குருவிக்கு இடம் தரும் என்பது அவர்கள் வேதம்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பனியன் அச்சடித்தார்கள்.
மஞ்சள் எழுத்து முதல் துவையலிலேயே
வாளித் தண்ணீரோடு போனது.

சந்தியாகு பாடுவான்.
பாடுவான் என்பது மரியாதைக்குச் சொல்வது.
பகலில் ஏசி மெக்கானிக், செக்காலை ரோடு.
தைனேஸுக்கு நர்சிங் மூன்றாம் வருஷம்,
ஊசி பிடித்தால் நடுங்குகிற கை
டிரம்ஸ் குச்சி பிடித்தால் நடுங்காது.
இன்னாசியின் பேஸ் கிதாரில் ஒரு கம்பி இல்லை.
இல்லாத கம்பிக்கும் சேர்த்துக் குதிப்பான்.

நான் வயிரவன் சவுண்ட் சர்வீஸ்.
மஞ்சுவிரட்டு, காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
இருபத்திரண்டு வருஷமாகக் குழாய் கட்டுகிறேன்.
இவ்வளவு கோபமாக ஒருத்தரும்
சாமியைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

எல்லாம் பத்திலிருந்து பதினாலு வயசுக்கான பாட்டு.
டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் கேட்க,
ஒவ்வொன்றும் ரெண்டு நிமிஷத்துக்குள்.
ரேங்க் கார்டில் கையெழுத்துக் கிடைக்காத ராத்திரிக்கு ஒன்று,
அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிக்கு ஒன்று.
அதை மட்டும் சந்தியாகு கத்தவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பங்குச்சாமி வந்து ஒரு பாட்டு கேட்டார்.
"இது ஜெபமா, சண்டையா?"
"எரிகோ ரோட்டோரம் ஒரு குருடனை
வாயை மூடுன்னு அதட்டினாங்களே, அவன் என்ன செஞ்சான் சாமி?"
"இன்னும் சத்தமாக் கத்தினான்."
சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது அவருக்கு.
ஆல்பத்துக்குத் தலைப்பும் அதுவே ஆனது:
இன்னும் சத்தமா.

கடைசிப் பாட்டில்தான் தகராறு.
"என் பேரு உமக்குத் தெரியும்ல,
ரோல் நம்பர் இல்ல, பேரு!"
என்று முடிகிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும்.
நாலு தட்டு நேரம், காலி.
மறுபடி நாலு, காலி.
கரண்ட் போனதோ என்று மெயினைப் பார்த்தேன்.
"தப்பில்லண்ணே, கேக்கிறவங்க
அவங்கவங்க பேரைக் கத்துறதுக்கு" என்றாள் தைனேஸ்.
அந்தக் காலியில் தூரத்துக் கூட்ஸ் ரயில் விழுந்திருந்தது.
வெட்டவா என்றேன்.
வேண்டாம், அதுக்கும் பேர் இருக்கும் என்றான் இன்னாசி.

விடியக்காலம் தனியாக உட்கார்ந்து மிக்ஸ் பார்க்கையில்
வயிரவன் என்று சொல்லிப் பார்த்தேன்,
மெதுவாகத்தான்.
ஒரு மூட்டை அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

பென்டிரைவ் நூறு போட்டோம். விற்றது பதினொன்று.
அதில் ஒன்று எப்படியோ
தேவகோட்டை ஸ்கூல் வேன் டிரைவர் கைக்குப் போயிருக்கிறது.
போன வாரம் அரியக்குடி கேட்டில்
ரயிலுக்காக நிற்கிறேன்; பக்கத்தில் அந்த வேன்.
பாட்டு நின்றது.
"சிகப்பி!" "யாஸ்மின்!" "அடைக்கலம்!"
ஜன்னல் கம்பியில் முகம் அழுத்தி ஒரு பொடியன்
தன் பேரோடு இனிஷியலையும் சேர்த்துக் கத்தினான்.
அதற்குள் அடுத்த நாலு தட்டும் தீர்ந்து
கிதார் அவன் மேல் விழுந்தது.
டிரைவர் சத்தத்தைக் குறைத்தார்.
பிள்ளைகள் குறைக்கவில்லை.

எனக்கு வரவேண்டிய பாக்கி எண்ணூறு இன்னும் வரவில்லை.
கேட்கும்போதெல்லாம் தைனேஸ் சொல்கிறாள்:
"அட்டையில நன்றின்னு உங்க பேரைப் போட்டிருக்கோமேண்ணே."
போட்டிருக்கிறார்கள்.
வைரவேல் என்று.