பதினேழாம் கேமரா

பதினேழாம் கேமராவின் அட்டையில்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு படங்கள்.
அவற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரம்
ஒரே ஓர் இலை.

காற்று வரும், இலை அசையும்,
கேமரா பதறி விழித்துப் படமெடுக்கும்.
அறுபத்தோரு இரவும் இதே வேலை.
வெற்று, வெற்று, வெற்று என்று
தவாய்க்குத் தெற்கே ஒரு ரப்பர்க் கிடங்கின் மாடியில்
ஜெனரேட்டர் நிற்பதற்குள் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தின் தலையில் பதிவாளர் பெயர்: மா தீரி வின்.
அம்மா கூப்பிட்டால் மரகதவல்லி.
எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இலைகளுக்கு நடுவே
ஒரு கேளையாட்டின் காது.
ஒரு வால் மட்டும், புனுகோ மரநாயோ;
சோ லேமூ வளையங்களை எண்ணிவிட்டுப் புனுகு என்றான்.
குட்டிகளோடு காட்டுப்பன்றி.
அதிலொன்று லென்ஸை நக்கியிருக்கிறது,
அப்புறம் நான்கு நாள் காடே எச்சில் மங்கல்.

நாற்பத்தேழாம் இரவு, மணி இரண்டு பத்து.
நெற்றி விளக்கோடு ஓர் ஆள்.
தோளில் சுருள்சுருளாய் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி.
கேமராவைப் பார்த்துவிட்டான்.
உடைக்கப்போகிறான் என்று
எப்போதோ முடிந்துபோன இரவுக்கு
இப்போது பயந்தேன்.
அடுத்த படத்தில் கை.
அதற்கடுத்ததில்
இலை இல்லை.

ஏன் கிள்ளினான்?
சும்மா கை நீண்டதோ என்னவோ.

மறைப்பு விலகிய சட்டத்துக்குள்
மூன்றாம் நாள் அது வந்தது.
முன்பாதி கறுப்பு, இடுப்பில் வெள்ளைப் போர்வை,
யானையாகத் தொடங்கிப் பாதியில்
யோசனை மாறிய மூக்கு.
தமிழில் இதற்குப் பெயர் எனக்குத் தெரியாது.
பர்மாக்காரர்கள் காண்டாமிருகச் சாமியார் என்பார்கள்.
சாமியார் நின்றார். மோந்தார்.
கம்பி போன திசையிலேயே போனார்.

அந்த ஆளின் முகத்தைப் பெரிதாக்கிச்
சோ லேமூவிடம் காட்டினேன்.
மோவாய்க் குழிவரை வெளிச்சம் விழுந்திருந்தது.
வெகுநேரம் பார்த்தான்.
"ஈரம் பட்டிருக்கு. யாருன்னு தெரியல"
என்றான், தன் மோவாய்க் குழியைத் தடவியபடி.

மனிதர்: ஒன்று.
அப்படித்தான் நிரப்பினேன்.

விடியுமுன் ஆளைக் காணோம்.
மறுநாள் அந்தியில் வந்தவன்
பையைப் படியில் இறக்கிவைத்தபோது
உள்ளே கம்பிகள் உரசின.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

முகம் கழுவி வந்து
பதினெட்டாம் கேமராவின் அட்டையைச் செருகினேன்.
இலை.