எட்டு பாயிண்ட்

தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறை.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மானிட்டரில் என் முகம் கொஞ்சம் நடுங்கும்.

நான் சூதாடுவதில்லை.
ஆடும் இடத்துக்கு வழி சொல்கிறேன்.
எந்தத் தளம் பணத்தைச் சீக்கிரம் தருகிறது,
எது இழுத்தடிக்கிறது,
எதன் உரிமம் எந்தத் தீவில் எழுதியது,
ஆயிரத்து இருநூறு வார்த்தை, நட்சத்திரம் போட்டு.
என் வழியாய்ப் போனவர் தோற்றால்
நூற்றுக்கு முப்பது எனக்கு.
ஜெயித்தால் ஒன்றுமில்லை.
ஒப்பந்தத்தின் இந்த வரியை முதல் மாதம்
இரண்டு தடவை படித்தேன்.
அப்புறம் படிக்கவில்லை.

ஏப்ரல் பாதியில் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிவிட்டால்
என் ராத்திரி வரைபடம் தலை தூக்கும்.
தடைக்காலப் பணம் வங்கியில் ஏறிய அன்று
செங்குத்தாய் நிற்கும்.
துறைமுக வாசலில் வண்டிகள் தேங்கினால்
ஸ்டியரிங் மேல் கவிழ்ந்த போன்களிலிருந்து
பட்டப்பகலிலும் வரும்.
செய்தித்தாளுக்கு முன்னால்
எனக்குத் தெரிந்துவிடும் இந்த ஏரியாவின் காய்ச்சல்.

பயனர் நான்காயிரத்துப் பதினேழு.
இரண்டே முக்கால் மணி.
முந்நூறு. முந்நூறு. நூற்றைம்பது.
பிறகு எழுபது.
எழுபது ரூபாயை யார் கட்டுவார்கள்?
எழுபதுதான் மிச்சம் இருப்பவர்.

வக்கீல் யாகூப் பாரிமுனையிலிருந்து
பிரிண்ட் எடுத்து வந்தார்.
அடிக்கோடு போட்ட இடங்களைத் தட்டித் தட்டிச் சொன்னார்:
"இந்த ஊர்ல கூடாதும்மா. இங்கத்து ஆளுக்கு வாசலையே காட்டாத.
அனுமதி இருக்குற தேசத்துக்காரனுக்கு மட்டும் காட்டு.
வயசு கேளு.
எனக்குக் கமிஷன் வருதுன்னு
மொத வரியிலயே எழுது."
"மொத வரியிலயேவா சார்?"
"பின்ன, கடைசி வரியிலயா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.
'நிச்சய வெற்றி'யை எடுத்தேன்.
'இன்றே கடைசி'யை எடுத்தேன், தினமும் இருந்தது அது.
'கவலை மறக்க ஒரு கை' நானே எழுதியது,
எழுதிவிட்டு ரசித்தது.
அதை எடுக்க சாயங்காலம் ஆனது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வெள்ளைப் பக்கம்.
இங்கே இல்லை. மன்னிக்கவும்.
பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில்
எட்டு பாயிண்டில் கிடந்த உதவி எண்ணை
மேலே தூக்கி வந்து
முப்பத்தாறில் வைத்தேன்.

மே மாதம் எழுபத்தெட்டாயிரம்.
ஜூன் மாதம் பதினொன்று.
வாடகை வாங்க வந்த ரோஸ்லின் அக்கா
அணைந்த ஏசியைப் பார்த்தாள்.
"இன்னாடி, தொழில் பட்த்துக்கிச்சா?"
"ஒக்காந்துக்கினு கீதுக்கா."

நான்காயிரத்துப் பதினேழு பட்டியலில் இல்லை.
வேறு வாசல் கண்டாரோ, தூங்கினாரோ,
தெரியாது.
ஆனால் வெள்ளைப் பக்கத்துக்கு யாரோ வருகிறார்கள்.
இரண்டே முக்காலுக்கு.
படிக்க மூன்றே வார்த்தை, ஒரு எண்.
பதினான்கு நிமிடம் நிற்கிறார்கள்.
இதற்குக் கமிஷன் கிடையாது.

இவ்வளவு பெரிதாய் ஒரு எண்ணைப் போட்டவள்
அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா.
ஒரு நடுராத்திரி கூப்பிட்டேன்.
நாலாவது மணியில் எடுத்தாள் ஒருத்தி.
அவள் பக்கம் மின்விசிறி ஒன்று கடகடத்தது.
"சொல்லுங்க" என்றாள்.
சொல்ல எதையும் தயார் செய்திருக்கவில்லை நான்.
"பரவால்ல. எவ்ளோ விட்டிருக்கீங்க?"

கீழே ஒரு லாரி பிரேக் போட்டுக்
காற்றை விட்டது.

"விடல மேடம். வந்துச்சு."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
மின்விசிறி சுற்றியது.
"சரி" என்றாள். "எவ்ளோ?"

கணக்குப் பக்கத்தைத் திறந்து
முதல் மாதத்திலிருந்து
கூட்ட ஆரம்பித்தேன்.