செல்லுபடி

பாஸின் முன்பக்கம் நான்.
அசையாதீங்க என்று ஸ்டூடியோக்காரன் சொன்னதில்
மூச்சையும் நிறுத்திக்கொண்டவன் முகம்.
பின்பக்கம் பொடி எழுத்தில் எட்டு நிபந்தனைகள்.
நாலாவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
மாநில எல்லைக்கு அப்பால் செல்லாது.

முப்பத்தோரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவன்.
கரும்பு லாரி ஏறும், இறங்கும்.
வண்டி எடையைக் கழித்து மீதியை எழுதுவேன்.
இப்போது என்னை ஏற்றி இறக்குகிறார்கள்
எதையும் கழிக்காமல்.
பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி,
வேலையே இல்லாத ஊருக்கெல்லாம் போய்
ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.
சோளிங்கரில் ஒருமுறை
யார் வீட்டுக் கல்யாணத்திலோ
ரெண்டாம் பந்தியில் சாப்பிட்டும் வந்தேன்.
வேதவல்லி சிரிப்பாள்:
"எனக்கு டவுன் பஸ்ஸுல பாஸே வேணாம்.
பொம்பளையா பொறந்ததே போதும்."

கடைசி நிறுத்தத்தில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி.
சீசனில் ஈக்கள்,
மற்ற நாளில் பூட்டும் வாட்ச்மேன் ஜெகதாபியும்.
அதைத் தாண்டி நாற்பது தப்படியில்
கடை போர்டுகளில் எழுத்து உருண்டையாகிவிடும்.
நகரி மூக்கு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதே மூக்குதான்.

அங்கிருந்து நாலு ஸ்டாப் தள்ளி என் தம்பி வீடு.
தனஞ்செயன்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
அப்பா கருமாதி முடிந்த மறுநாள்
கிணற்றிலிருந்த அஞ்சு எச்.பி. மோட்டாரை
யார் கழற்றினார்கள் என்பதில் ஆரம்பித்தது.
நான்தான் கழற்றினேன்.
அது வேறு விஷயம்.

"சின்னவனைப் போயி பார்த்தியா" என்று யார் கேட்டாலும்
முன்பெல்லாம் முழங்காலைக் காட்டுவேன்.
பாஸ் வந்தபிறகு
பாஸைத் திருப்பிக் காட்டுகிறேன்.
கவர்மெண்டே செல்லாது என்கிறது,
நான் என்ன செய்ய?

புரட்டாசியில் ஒருநாள்
ஜெகதாபிதான் சொன்னான்,
பீடியை அணைத்துக்கொண்டே, ஏதோ மழைச் செய்தி மாதிரி:
"உங்க தம்பி பாத்ரூம்ல விழுந்து
புத்தூர்ல கட்டு கட்டிக்கினு வந்துகீறாராம்."

திரும்பும் பஸ் நின்றுகொண்டிருந்தது.
ஜன்னலோர சீட்டுகூட காலி.
நாற்பது தப்படி நடந்தேன்.
எண்ணிப் பார்த்தால் நாற்பத்தி மூணு.

அந்தப் பக்கத்து பஸ்ஸில்
மிஷினை வயிற்றில் தொங்கவிட்ட பையன் கேட்டான்:
"ஆதார் உந்தா, பெத்தாயனா?"
கைப்பழக்கத்தில் பாஸை நீட்டினேன்.
முன்னே பார்த்தான், பின்னே பார்த்தான்,
என்னைப்போலவே அதுவும் அவனுக்கு
படிக்க வராத பாஷை.
ஆதாரை எடுத்தேன்.
பிறந்த வருஷத்தின் மேல் கட்டைவிரலை வைத்து
இருபது ரூபாய் டிக்கெட்டைப் பதினைந்துக்குக் கிழித்தான்.
அஞ்சு ரூபாய் நாணயம் ஒன்று
உள்ளங்கையில்.
முதல் தடவையாக என் வயசுக்கு
யாரோ எடைச்சீட்டு கொடுத்த மாதிரி இருந்தது.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி.
இன்னொன்றில் நீட்டிய கால்.
மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை நாற்றம்.
என்னைப் பார்த்தான். கட்டைப் பார்த்தான்.
மறுபடியும் என்னை.

"இங்க உன் பாஸ் செல்லாதாமே."

யார் யார் போய்ச் சொன்னார்களோ, இத்தனை வருஷமாக.

"செல்லாது" என்றேன்.

"டிக்கெட் எவ்ளோ?"

"இருபது."

சட்டைப்பையில் அந்த நாணயம்
வீட்டுச் சாவியில் உரசிவிடாமல்
விரலால் பிடித்துக்கொண்டேன்.
அவன் உள்பக்கம் திரும்பி
காபிக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தான்.

வீட்டுக்குப் பின்னால்
ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
எத்தனை எச்.பி. என்று
நான் கேட்கவில்லை.