இருபத்தொரு நிமிடம்

மணிமேடைக்குப் பக்கத்துச் சந்தில்
டென்சிங்கின் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு அட்டைப்பெட்டி.
ஒன்றில் ஆறு கோர், மற்றதில் எட்டு.
இரண்டுக்கும் நடுவே ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்
நீட்டிப் படுத்துக் கிடக்கிறது.

"எட்டைக் கொண்டு போ பிள்ளே,
பின்ன அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்காண்டாம்."
போன தடவை நாலு கோர் விற்றபோதும்
இதைத்தான் சொன்னான்.

திரையைத் திருப்பிக் காட்டுகிறான்:
நீலக் கோடு, பச்சைக் கோடு. பச்சை நீளம்.
எதை அளந்த கோடு என்று கேட்டேன்.
துப்பாக்கி விளையாட்டாம்.
நான் யாரையும் சுடுவதில்லை, டென்சிங்.
கருங்கலில் கல்யாண வீடியோ வெட்டுகிறவள்.
உன் கோட்டில் பந்தல் இல்லை,
ட்ரோன் இல்லை,
மூன்று மணிநேரமும் காமிராவுக்குக் குறுக்கே நடக்கிற
மாப்பிள்ளையின் சித்தப்பா இல்லை.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினேன்.
கடியப்பட்டணத்துக் கல்யாணம்.
இதை ரெண்டிலும் ஓட்டு.

ஓட்டினான். ஓடி முடிய இரண்டு சாயா, ஒரு பழம்பொரி.
ஆறில் எழுபத்திரண்டு நிமிடம்.
எட்டில் ஐம்பத்தொன்று.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
வருஷத்துக்கு முப்பத்தெட்டுக் கல்யாணம்.
தவக்காலத்தில் கோயிலில் தாலி ஏறாது,
ஆடியில் மற்றவர்களுக்கும் இல்லை.
அந்த நாட்களில் எட்டுக் கோரும்
ஆள் கூப்பிடாத எட்டுக் கொத்தனார்களாய்
திங்கள்சந்தை முக்கில் நின்று பீடி வலிக்கும்.
தலைக்கு இருபத்தொன்று வைத்துப் பெருக்கினால்
வருஷம் பதிமூன்று மணிநேரம், சொச்சம்.
நாலு வருஷம் உழைத்தால் ஐம்பத்து மூன்று.
வகுத்தால்
மணிக்கு ஏறக்குறைய நூற்றெண்பது ரூபாய்.

சவம், எனக்கே மணிக்கு அவ்வளவு கிட்டாது.

அதிலும் பாதி ராத்திரி வேலை.
கட்டளையைக் கொடுத்துவிட்டுப் படுத்தால்
விடியும்போது முடிந்திருக்கும்.
தூங்குகிறவளுக்கு எதற்கு இருபத்தொரு நிமிடம்?

இந்த இடத்தில் பேனாவை மூடியிருக்கலாம்.
பிரிஜின் ஞாபகம் வந்திருக்காவிட்டால்.

பத்தொன்பது நாள் மாப்பிள்ளை. குவைத்.
திருவனந்தபுரத்தில் விடியக்காலை விமானம்,
என் ஸ்டுடியோ வாசலில் கார், எஞ்சின் அணைக்காமல்.
பழைய நாலு கோர் தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் மூச்சு வாங்க
வெளியே மழை,
பன்னிரண்டு பத்துக்குக் கரண்ட் போயிற்று.
"சாரமில்லக்கா, பொறவு அனுப்புங்க" என்றான்.
இருட்டில் முகம் தெரியவில்லை.
அனுப்பினேன். பார்த்தானா, தெரியாது.

முப்பத்தேழு கல்யாணத்துக்கு
அந்த நிமிடங்கள் ஒன்றுக்கும் ஆகாது.
முப்பத்தெட்டாவதுக்கு
விலை போட முடியாது.
இதை எப்படிக் கூட்டிச் சராசரி எடுப்பது, டென்சிங்?

அவன் பதில் சொல்லவில்லை,
ஒரு வாடிக்கையாளரின் தூசி பிடித்த ஃபேனை
பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு, தலை நிமிராமல்,
"அன்னைக்கு உன்னைக் கவுத்தது கோரா, கரண்டா?" என்றான்.
வியாபாரிக்கு இது நஷ்டக் கேள்வி.

ஆறு கோரை எடுத்தேன்.
மூவாயிரத்து எண்ணூறுக்கு ஒரு யூ.பி.எஸ்.
மிச்சம் ஐயாயிரத்து எழுநூறு
பர்சின் உள்ளறையில், இன்னும் பெயர் வைக்காமல்.

கருங்கல் பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
பிராசசர் கைப்பைக்குள் சீப்புக்குப் பக்கத்தில்.
யூ.பி.எஸ் மடியில், சக்கைப்பழக் கனம்.
அதற்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்,
இதற்குப் போடவில்லை.
விலையைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

இரணியல் தாண்டும்போதுதான்
அட்டையில் அச்சடித்திருந்ததை வாசித்தேன்:
மின்சாரம் நின்றபின் இருபது நிமிடம் தாங்கும்.

இருபது.